காத்தடிக்கிற அலீமா

குறிஞ்சிப்பிட்டியில் கடற்கரைக்குப் போகும் கார்ப்பட் ரோடு ஓர் இடத்தில் வெட்டிவிட்டாற்போல் முடிந்துபோகும். உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு போட்ட ரோடு. கொந்தராத்துக்காரனுக்கு அந்த இடத்தில் அலுத்துப்போயிருக்க வேண்டும். அதற்கப்பால் கடல் வரைக்கும் மணல்தான். பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் பட்டச் சவாரிக்கு வரும் வெள்ளைக்காரர்களும், டொல்பின் பார்க்க வரும் கொழும்புக் குடும்பங்களும் அந்த மணலைத் தாண்டித்தான் ஹோட்டல்களுக்குப் போக வேண்டும். டயரில் காற்று நிறைய இருந்தால் மணல் வாகனத்தை விழுங்கிவிடும். அதனால் சாரதிமார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டு, தொளதொளத்த சக்கரங்களோடு உள்ளே போவார்கள். திரும்பி வரும்போது அதே சக்கரங்களோடு தார் ரோட்டில் ஓட முடியாது. ஓடினால் டயரின் பக்கவாட்டு வெந்து கிழியும். காற்றடிக்கும் கடைக்கு நுரைச்சோலை வரைக்கும் போக வேண்டும்.

ஆகவே அந்த இடத்தில் காற்றடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அலீமா.

ஆனால் யாரைக் கேட்டாலும் "மஸாஹிர்ட காத்து" என்றுதான் சொல்வார்கள். மஸாஹிர் அலீமாவின் புருசன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் அவனுடைய இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். உடைமரத்து நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து சாரதிமாரோடு கதைப்பதும் கை நீட்டி வாங்குவதும் அவனுடைய வேலை. மெசினைத் தூக்கிக்கொண்டு குந்தியபடியே சக்கரத்துக்குச் சக்கரம் நகர்வது அலீமாவின் வேலை. அவள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள். சக்கரங்களையும் செருப்புகளையும் பார்த்தே ஆட்களை அறிவாள். கேட்டதற்குத் தலையசைப்பாள். அதிகம் கேட்டால் அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவாள்.

"உன்ட மனுசி ஊமையா மஸாஹிர்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல மச்சான். வீட்டுக்குள்ள வந்தா கதைப்பா" என்பான் மஸாஹிர்.

வீட்டுக்குள்ளும் அவள் கதைத்ததில்லை. கதைக்க அந்த வீட்டில் அவளுக்கு இடம் கிடைத்ததில்லை.

அலீமா மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் உடுத்த உடுப்போடு முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது உம்மாவின் இடுப்பில் இருந்தவள். புத்தளத்துக்கு வெளியே கிடுகுக் குடிசை முகாமில் வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு வெங்காயத் தோட்டம். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அலீமாவுக்குக் கொடுக்க வீடு இருக்கவில்லை. ஆகவே அவள்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அந்த ஒன்றை அவளுடைய மாமி றஹ்மத் உம்மா ஒருநாளும் மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் தேத்தண்ணியோடு அலீமாவையும் முன்னால் நிறுத்துவார்.

"இதான் மூத்த மருமகள். வீடும் கொண்டு வரல்ல, புள்ளையும் கொண்டு வரல்ல. முகாமில இருந்து ஒரு பாயக் கொண்டு வந்தா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அலீமா கோப்பைகளை எடுத்துக்கொண்டு போவாள்.

அந்தப் பாய்க்கு அடுத்ததாக அவள் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்த பொருள் காற்று மெசின். அவளுடைய நானா ஹிஸ்புல்லா கட்டாரில் ஓர் அரபி வீட்டுக்குச் சாரதி. அந்த வீட்டார் குளிர் காலத்தில் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடிப்பார்கள். அங்கேயும் மணலுக்குள் போகும்போது காற்றைத் திறந்துவிடுவதும், வெளியே வந்ததும் காற்றடிப்பதும்தான். அதற்கென்று ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு சின்ன மெசின் கிடக்கும். ஹிஸ்புல்லா லீவில் வந்தபோது, தங்கச்சி வீட்டு வாசலுக்கு முன்னால் வாகனங்கள் மணலோடு மாரடிப்பதைப் பார்த்தான். அடுத்த லீவில் அப்படியொரு மெசினைக் கொண்டுவந்தான். நாலு செங்கல்லை அடுக்கினால் வருமே, அந்தப் பருமன். சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்பை வாகனத்து பெட்டரியில் பூட்டினால் கடகடவென்று ஓடும். நீளமான குழாய். குழாயின் முனையில் ஒரு வட்ட மீட்டர்.

தங்கச்சிக்குக் கொடுப்பதைத் தங்கச்சியின் கையில் கொடுப்பது அவர்களுக்குள் வழக்கமில்லை. மாப்பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் மரியாதை. ஹிஸ்புல்லாவும் மஸாஹிரின் கையில்தான் கொடுத்தான்.

"மச்சான், இது தங்கச்சிட காலத்துக்கு. நான் வீடு குடுக்கல்ல, இதையாவது குடுக்கிறன்" என்றான்.

பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த றஹ்மத் உம்மாவும் அதைக் கேட்டார்.

பிழைப்பு நன்றாகத்தான் போனது. ஒரு நாள் உச்சி வெயிலில் இரண்டு வேன்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அலீமா ஒன்றை முடித்து மற்றதற்கு வரத் தாமதமாகிவிட்டது. கதிரையில் இருந்த மஸாஹிருக்குக் கோபம் வந்தது. காலடியில் கிடந்த குழாயை எடுத்து அவள் நெற்றியைப் பார்த்து வீசினான். அவள் குனிந்தாள். மீட்டர் கல்லில் போய் மோதியது. அன்றிலிருந்து அந்த முள்ளுக்கு ஒரு நோய். ரோட்டுக்குத் தேவையான அளவுக்கு முன்பே, இருபத்தைந்துக்கு ஏறியதும் சில நேரம் அப்படியே நின்றுவிடும். காற்று ஏறிக்கொண்டே இருக்கும், முள் அசையாது. எல்லா நாளும் அல்ல. உப்புக்காற்று பலமாக வீசுகிற நாட்களில் அதிகம். கண்ணாடியை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் துள்ளிக்கொண்டு போய்ச் சரியான இலக்கத்தில் நிற்கும். அலீமா கையிலிருந்த காப்பின் விளிம்பால் தட்டுவாள்.

"சொல்லிராத புள்ள" என்றான் மஸாஹிர். "மீட்டர் பிழையெண்டு தெரிஞ்சா ஒருத்தனும் வாகனத்த நிப்பாட்ட மாட்டான்."

அவன் அவளோடு பங்குபோட்டுக்கொண்ட ஒரே இரகசியம் அது. அதனாலேயே அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்தத் தட்டலைச் சாரதிமார் கவனிக்காமல் விடவில்லை. எல்லோருக்கும் முந்தினவர் இன்னாசிப்பிள்ளை. கற்பிட்டியில் இரண்டு வேன் வைத்து ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவர். அவர் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள்.

"மஸாஹிர், உன்ட மனுசி மீட்டரத் தட்டித் தாலாட்டுறா பாத்தியா? தட்டி நித்திரையாக்க வீட்டில ஒண்டும் இல்லத்தானே, பாவம்."

எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவன் மஸாஹிர். அலீமா அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.

மஸாஹிர் ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. பின்னேரமே அடக்கிவிட்டார்கள். அலீமாவை முன்னறையில் இத்தாவுக்கு இருத்தினார்கள். வெள்ளை உடுத்தி, கையிலிருந்த காப்பைக் கழற்றி, நாலு மாதமும் பத்து நாளும் அந்த அறைக்குள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வாசலுக்கு ஒரு திரை, யன்னலுக்கு ஒரு சீலை. யன்னலுக்கு வெளியே பத்தடியில் உடைமரம், கதிரை, ரோடு. அங்கே பேசுவது ஒன்று விடாமல் உள்ளே கேட்கும்.

"உன்ட குரலும் வெளிய போகக் கூடாது" என்றார் றஹ்மத் உம்மா. "என்னமும் வேணுமெண்டா என்னக் கூப்பிடு."

ஒரு கிழமை கழிய மஸாஹிரின் தம்பி இனாஸ் திரைக்கு வெளியே வந்து நின்றான். பாலாவி உப்பளத்தில் வேலை செய்தவன். உப்பு காலை அரிக்கிறது என்று சொல்லி மாதத்தில் பாதி நாள் வீட்டில் கிடப்பான்.

"மதினி, நானாட மெசினத் தாங்க. சும்மா கிடந்தா துருப்பிடிச்சிரும்."

அது அவனுடைய நானாவின் மெசின் இல்லை, தன்னுடையது என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. குரல் வெளியே போகக் கூடாது. கட்டிலுக்கடியில் இருந்த மெசினை இழுத்து, திரைக்குக் கீழால் காலால் தள்ளிவிட்டாள். பிறகு மாமியிடம் மெல்லக் கேட்டாள்.

"இத்தா முடியும் மட்டுந்தானே மாமி?"

"முதல்ல முடியட்டும்" என்றார் றஹ்மத் உம்மா.

இனாஸ் கதிரையில் உட்காரவில்லை, குந்தவும் இல்லை. குனிந்து நின்றபடி அவசர அவசரமாக அடித்தான். உள்ளே இருந்த அலீமாவுக்குச் சத்தமே எல்லாவற்றையும் சொன்னது. வாகனத்து எஞ்சினை ஓடவிடாமலே கிளிப்பைப் பூட்டுகிறான். நாலு சக்கரத்தையும் மூச்சுவிடாமல் அடிக்கிறான், மெசினை ஆறவிடுவதில்லை. சின்ன மெசின் அது. ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அதற்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெந்துபோகும். வெந்துபோனால், இத்தா முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு என்ன மிஞ்சும்? முகாமில் நானாவின் மனைவியுடைய குசினி மூலையும், வெங்காயத் தோட்டமும்தான். வெளியே ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய மிச்ச வாழ்க்கை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமியைக் கூப்பிட்டாள்.

"மாமி, எஞ்சினை ஸ்டார்ட்டில வச்சுத்தான் கிளிப் பூட்டணும் எண்டு சொல்லுங்க. இடையில மெசின ஆற விடவும் சொல்லுங்க."

றஹ்மத் உம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேரே உடைமரத்தடிக்குப் போனார். இன்னாசிப்பிள்ளையும் வேறு மூன்று சாரதிமாரும் அங்கே நின்றார்கள்.

"டேய் இனாஸ், உள்ள இருந்து ஓடர் வந்திரிக்கி. மெசினுக்கு ஓய்வு குடுக்கட்டாம்."

"இத்தாவில இருந்தா தஸ்பீஹ் மணி உருட்டுறதெண்டுதான் நான் கேள்விப்பட்டன்" என்றார் இன்னாசிப்பிள்ளை. "உங்கட மருமகள் டயர் உருட்டுறா போல."

"போய்ச் சொல்லுங்க உம்மா" என்றான் இனாஸ், யன்னலுக்குக் கேட்கட்டும் என்றே. "நானாக்கு ஓதச் சொல்லுங்க. மெசினுக்கு ஓதத் தேவல்ல."

சிரிப்பு யன்னல் சீலையைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே றஹ்மத் உம்மாவும் வந்தார்.

"புருசன மூடின மண் இன்னும் காயல்ல, உனக்கு டயர் நினைப்பு. நல்லாக் கேட்டுதா சிரிச்சது? வேற என்னமும் சொல்லணுமா?"

சொல்ல ஒன்று இருந்தது. இருபத்தைந்தில் நிற்கும் முள். தட்டினால் போதும் என்ற ஒரு வசனம். அலீமா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல மாமி."

அன்றைக்கு அவள் சொல்லாமல் விட்டது வெட்கத்தினால். அதற்குப் பிறகு விட்டது வெட்கத்தினால் அல்ல.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பின்னேரம், வாகனங்கள் இல்லாத நேரத்தில், தாயும் மகனும் உடைமரத்தடியில் இருந்து கதைத்தார்கள். மெதுவாகக் கதைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"இத்தா முடிஞ்ச மறு நாளே இன்னாசிப்பிள்ளைட வேன்ல ஏத்தி முகாமுக்கு அனுப்பிருவம்" என்றார் றஹ்மத் உம்மா. "அவர்ட்ட சொல்லியும் வச்சிட்டன்."

"மெசினக் கேட்டாவெண்டா?"

"என்னத்தக் கேக்கிற? ஹிஸ்புல்லா அவன்ட மச்சானுக்குக் குடுத்தான். என்ட மகன் கை நீட்டி வாங்கினான். நான் பக்கத்தில இருந்து கண்ணால கண்டன். தங்கச்சி எண்ட சொல்லு அவன்ட வாயில வரவே இல்ல."

"பள்ளிவாசல்ல கூப்பிட்டுக் கேட்டா?"

"அங்கயும் அதத்தான் சொல்லுவன். பாயக் கொண்டு வந்தா, பாயக் கொண்டு போகட்டும்."

அலீமா அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எழும்பவில்லை. குர்ஆனை மூடவும் இல்லை. விட்ட இடத்திலிருந்து ஓதினாள்.

அறையில் மணிக்கூடு இல்லை. அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை. மஸாஹிர் உயிரோடு இருந்த காலத்திலேயே, ஆண்களின் கதை காதில் விழாமலிருக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உதட்டுக்குள் குர்ஆனின் அத்தியாயமான தபாரக்க சூறாவை ஓதுவாள். தடக்கித் தடக்கி ஓதுகிற அவளுடைய வேகத்துக்கு, மணலில் தொய்ந்து வந்த ஒரு வேன் டயர் ரோட்டுக்குத் தயாராகும்போது சூறாவும் முடியும். காரென்றால் ஓதச் சில ஆயத்து மிஞ்சும். இப்போது மஸாஹிருக்காக ஓதும்போதும், வெளியே மெசின் தொடங்கினால், நாக்கு தானாகத் தபாரக்கவுக்குப் போய்விடும். அது பாவமென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போனது.

தென்மேற்குக் கச்சான் காற்று பலத்தது. பட்டக்காரர்களுக்கு அதுதான் காலம். வாகனங்கள் கூடின, உப்பும் கூடியது. இரண்டு தடவை சூறா முடிந்த பிறகும் மெசின் ஓடியது. இரண்டு தடவையும் அவள் ஓதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு தடவையும் இனாஸ் அலுத்துப்போய் நிறுத்தினான். அடுத்த நாள் ஒரு கொழும்புச் சாரதி வந்து சத்தம்போட்டான்.

"என்னத்த அடிச்சீங்க? கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளிக்கிட்டுப் போச்சு!"

"முள்ளு இருபத்தஞ்சத் தாண்டல்ல. நான் பாத்துத்தான் அடிச்சன்" என்றான் இனாஸ். "உங்கட வால்வு ஒழுகுது."

முள்ளைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. முள் நின்றால் டயர் ஒழுகுகிறது, ஒழுகினால் இன்னும் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய கணக்கு. அலீமா அதைக் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கத்தில் மாமி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அலீமா கூப்பிடவில்லை.

அந்த நாள் வந்தது. பின்னேர அஸர் தொழுது பாயில் இருந்தாள். இன்னாசிப்பிள்ளையின் வேன் மணலிலிருந்து ஏறி வந்து நின்றது. அந்தச் சக்கரங்களை அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். எழும்பி யன்னல் சீலையின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். பின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் முட்டையளவுக்கு ஒரு புடைப்பு. முதல் நாள் காற்றடிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் தொய்ந்த டயரோடேயே கற்பிட்டி வரைக்கும் ஓட்டியிருக்கிறார். உள்ளே நூல் அறுந்திருக்கிறது. மஸாஹிர் இருந்திருந்தால் அந்த டயரைத் தொடவிட்டிருக்க மாட்டான்.

அவள் சீலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மெசின் ஓடத் தொடங்கியது. அவள் தபாரக்க ஓதத் தொடங்கினாள்.

சூறா முடிந்தது. மெசின் ஓடியது.

"முள்ளு நிக்கிது இன்னாசி அண்ணே" என்றது இனாஸின் குரல். "இதும் ஒழுகுது போல."

"ஒழுக்கும் இல்ல, ஒண்டும் இல்ல. இழுத்து அடி தம்பி. உன்ட மதினி அடிச்சா மலை மாதிரி நிக்கும். பொம்பளைக்கு இருந்த காத்து உனக்கில்லையே!"

யாரோ சிரித்தார்கள். இனாஸ் உட்காருவது கேட்டது. முதல் தடவையாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான், இனி மீட்டரை முகத்துக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பான்.

அலீமா எழுந்து திரைக்குப் போனாள். முற்றத்தில் றஹ்மத் உம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "மாமி" என்ற ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு இன்னும் ஒரு சொல். அவள் வாய் திறந்தது. றஹ்மத் உம்மா அந்த நேரத்தில் நிமிர்ந்து திரைக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்கும் ஓடரா?"

அலீமா பாயில் வந்து உட்கார்ந்தாள். பிஸ்மியிலிருந்து மறுபடி தபாரக்கவைத் தொடங்கினாள். ஒரு சொல்லையும் விழுங்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினாள். பாதிக்கு வரவில்லை.

அந்தச் சத்தத்துக்கு யன்னல் சீலை உள்ளே பறந்து திரும்பியது. காகங்கள் எழும்பின. அதற்குப் பிறகு ஒரு கணம் எஞ்சின் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு இனாஸின் அலறல்.

புடைத்த இடத்தில் டயர் கிழிந்திருந்தது. ரப்பரும் நூலும் மணலுமாக அவனுடைய முகத்தில் அறைந்திருந்தது. இன்னாசிப்பிள்ளை வேனுக்கு மறுபக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அவருடைய சாரத்தில் தூசி பட்டது, அவ்வளவுதான். பின்னால் வந்த இன்னொரு வேனில் இனாஸைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். றஹ்மத் உம்மா தலைச் சீலை விழுந்தது தெரியாமல் பின்னால் ஓடினார். உயிர் தப்பியது. வலது கண் போனது. தாடையைத் தைத்தார்கள், அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

அலீமா வெளியே வரவில்லை.

இத்தாப் பெண்ணைப் பார்க்க வந்த பெண்கள் அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

"வாசல்ல குண்டு வெடிச்ச மாதிரி வெடிச்சும் திரையத் தாண்டல்ல. மஸாஹிர் குடுத்து வச்சவன்."

"நாங்களெண்டா ஓடியிருப்பம். இந்தக் காலத்தில இப்பிடி ஒரு புள்ளையா?"

முகாம் பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நடந்த பெண்களுக்கான பயான் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல் அவளுடைய பொறுமையை எடுத்துச் சொன்னார்களாம். அவர்கள் கொண்டுவந்து வைத்த பழத்தையும் சீனியையும் அலீமா தலை குனிந்து வாங்கினாள். அவளுக்கு அது பழக்கமான குனிவுதான். பார்த்தவர்களுக்கு அடக்கமாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த றஹ்மத் உம்மா மெசினைத் தூக்கிவந்து திரைக்குள்ளே தள்ளினார்.

"இந்தச் சனியன நீயே வச்சிக்க."

அலீமா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கிளிப் இரண்டும் நன்றாக இருந்தன. குழாய் கிழியவில்லை. குழாய் எந்த டயரிலும் பூட்டியிருக்கவில்லை. இருந்தும் மீட்டர் முள் இருபத்தைந்திலேயே நின்றது. நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். முள் விழுந்து பூச்சியத்துக்குப் போனது. அவள் மெசினை ஒரு பழைய துணியால் துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். பிறகு அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளே யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றது.

இத்தா முடிந்து குளித்து வெளியே வந்த மறு நாள் இன்னாசிப்பிள்ளையின் வேன் அவளை ஏற்ற வரவில்லை. பாயை யாரும் சுருட்டவில்லை. வீட்டில் உழைக்க வேறு ஆள் கிடையாது. காலையில் உடைமரத்தடியில் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டவர் றஹ்மத் உம்மாதான்.

"மகள், வாகனம் ரெண்டு நிக்கிது" என்றார்.

அந்தச் சொல்லால் அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அலீமா அபாயாவைக் கணுக்காலுக்கு மேல் முடிந்துகொண்டு மெசினைத் தூக்கினாள்.

கதிரையில் இனாஸ் உட்கார்ந்தான். இருக்க வேறு இடமும் இல்லை, செய்ய வேறு வேலையும் இல்லை. நானாவைப் போலவே சாரதிமாரோடு கதைக்க முயன்றான். தாடை ஒத்துழைக்கவில்லை. சொற்கள் ஒரு பக்கத்தால் ஒழுகின.

"என்னடா ஒத்தைக் கண்ணா" என்றார் இன்னாசிப்பிள்ளை, வேனை நிறுத்தி இறங்கிக்கொண்டே. "இண்டைக்கு மீட்டர் எத்தினை காட்டுது? பாதிதான் தெரியுமே உனக்கு!"

சாரதிமார் சிரித்தார்கள். இனாஸும் சிரித்தான். சிரிக்கும்போது அவன் முகம் இன்னும் கோணியது. அதைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள். அலீமா எஞ்சினை ஓடவிடச் சொல்லிக் கையால் காட்டினாள். கிளிப்பைப் பூட்டினாள். முன் சக்கரத்தில் குந்தி, குழாயை வால்வில் மாட்டினாள். முள் ஏறியது. இருபத்தைந்தில் நின்றது. கையில் காப்பு இல்லாததால் விரல் மொளியால் தட்டினாள். ஒன்று, மறுபடி ஒன்று.

அந்தச் சத்தத்துக்கு இனாஸ் தலையைத் திருப்பினான். வலப் பக்கத்தில் நடப்பதைப் பார்க்க இப்போது முழு முகத்தையும் திருப்ப வேண்டும்.

"மதினி, என்னத்துக்குத் தட்டுறீங்க?"

இன்னாசிப்பிள்ளை பெட்டிக்கடைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். மற்றச் சாரதிமாரும் அவரோடு போனார்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

"முள்ளு நிண்டுரும்" என்றாள் அலீமா. "தட்டினாத்தான் சரியாக் காட்டும்."

எஞ்சின் ஓடியது, மெசின் ஓடியது. அவன் ஏதோ கேட்கத் தாடையை அசைத்தான். சொல் வர நேரமெடுத்தது.

"வெடிச்சதுக்குப் பிறகா இப்பிடி?"

"இல்ல. உங்கட நானா இருக்கேக்கயே."

அவனுடைய ஒரு கண் அவள் முகத்தைப் பார்த்தது. அவள் முகம் அவனுக்குத் தெரிந்த முகமல்ல. அவள் யாருக்கும் காட்டியதில்லை. இப்போதும் காட்டவில்லை. மெசினை நிறுத்திவிட்டு, அது ஆறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். பிறகு பின் சக்கரத்துக்கு நகர்ந்தாள். இன்னாசிப்பிள்ளை கிழிந்த டயருக்குப் பதிலாக எங்கேயோ கிடந்த ஒரு பழைய டயரைப் போட்டிருந்தார். அதன் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

இனாஸ் கதிரையிலிருந்து எழும்பினான். வீட்டுப் பக்கம் பார்த்தான். உம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவன் கூப்பிடவில்லை. மடங்காத விரல்களால் கதிரையைப் பிடித்து, இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அலீமா குழாயை மாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க தம்பி" என்றாள், நிமிராமலே. "இது பழைய டயர்."